பந்தய நாளில் மட்டும் திறக்கும் தெரு

ஒரு நகரத்தின் தெருக்கள் எல்லோருக்கும் பொதுவானவை என்று நிரூபிப்பதற்கு ஆண்டில் ஒரு காலைப்பொழுது போதாது. அமெரிக்காவின் தென்பகுதித் தலைநகர்களுள் ஒன்றான அட்லாண்டாவின் வீதியோட்டங்களைப் பற்றிய புகழுரைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணமே மேலிடுகிறது. ஒவ்வொரு ஆண்டும் அந்நாட்டின் சுதந்திர தினமான ஜூலை 4ஆம் திகதி அங்கு நடைபெறும் பீச்ட்ரீ வீதியோட்டத்தில் 50,000க்கு மேற்பட்டோர் ஓடுகின்றனர். கறுப்பர், வெள்ளையர், ஆசியர், முதியோர், சக்கர நாற்காலியில் விரைவோர் என எல்லோரும் பத்துக் கிலோமீற்றர் தூரம் ஒரே வீதியில் வியர்வை சிந்துகின்றனர். படங்கள் அழகானவை, அதை நான் மறுக்கவில்லை. எனது கேள்வி ஒன்றுதான். மறுநாள் 5ஆம் திகதி காலையில் அதே மனிதர்கள், இலக்கத் துண்டு இல்லாமல், தனித்தனியே ஓடும்போது அவர்களை அந்நகரமும் அதன் மாநிலமும் எந்தக் கண்கொண்டு பார்க்கின்றன?

முதலில் உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். 1964இல் உருவான அட்லாண்டா ட்ராக் கிளப் என்ற கழகம் 1970இல் இந்த ஓட்டத்தைத் தொடங்கியபோது முடிவுக் கோட்டை எட்டியவர்கள் 110 பேர் மட்டுமே. இன்று அது உலகின் மிகப் பெரிய பத்துக் கிலோமீற்றர் ஓட்டங்களுள் ஒன்று. பாதிவழியில் மருத்துவமனை ஒன்றின் எதிரே வரும் ஏற்றத்துக்கு ஓட்டக்காரர்கள் 'மாரடைப்புக் குன்று' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடி முடித்தவருக்கே ரீசேர்ட். அதை வாங்குவதற்காகவே ஆண்டுதோறும் ஓடுவோர் உண்டு. இதைவிட, தேவாலயங்களும் பாடசாலைகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டங்கள் சனிக்கிழமைகளை நிறைத்துவிடுகின்றன. குறுந்தூர ஓட்டம் மக்களின் ஓட்டம். மரதனுக்கு ஆறு மாதம் ஒதுக்க இயலாத தாதியும் கடைச் சிப்பந்தியும் இதில் ஓடலாம். ஆகவேதான் இதைப் பற்றிக் கேள்வி கேட்பது அவசியமாகிறது.

பாதையைப் பாருங்கள். வடக்கே, செல்வந்தர் வாழும் பக்ஹெட் பகுதியில் ஓட்டம் தொடங்குகிறது. மிட்டவுன் வழியாக வந்து பீட்மொன்ட் பூங்காவருகே முடிகிறது. கறுப்பின மக்கள் செறிந்து வாழும் தெற்கும் மேற்கும் இந்த விழாவைத் தொலைக்காட்சியில்தான் காண்கின்றன. ஓட்டம் தொடங்கும் பக்ஹெட், அட்லாண்டாவிலிருந்து பிரிந்து தனி நகரமாவதற்கு அண்மைக்காலத்தில் முயன்ற பகுதி. 2023 மார்ச்சில் மாநில செனற் சபை அதற்கான சட்டமூலத்தைத் தோற்கடித்தது. ஓட்டம் முடியும் பீட்மொன்ட் பூங்காவோ, 1895இல் பருத்தி மாநிலங்களின் கண்காட்சி நடைபெற்ற நிலம். சமூக வாழ்வில் இரு இனங்களும் பிரிந்தே இருக்கலாம் என்ற பொருள்பட புக்கர் ரி. வாஷிங்டன் புகழ்பெற்ற உரையை ஆற்றியது அங்கேதான். மறு ஆண்டே அந்தப் பிரிவினையை நாட்டின் உச்ச நீதிமன்றம் சட்டபூர்வமாக்கியது.

'வெறுப்பதற்கு நேரமில்லாத நகரம்' என்பது மேயர் வில்லியம் ஹார்ட்ஸ்பீல்ட் காலத்திலிருந்து அட்லாண்டா தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம். வெறுப்பதற்கு நேரம் இல்லாமல் இருந்திருக்கலாம். வீதியை மறிப்பதற்கு நேரம் இருந்தது. 1962 டிசம்பரில், வெள்ளையர் வாழ்ந்த குடியிருப்பொன்றில் கறுப்பினத்தவர் வீடு வாங்குவதைத் தடுப்பதற்காக பெய்ட்டன் வீதியின் குறுக்கே நகர நிர்வாகமே தடுப்பு அமைத்தது. 1963 மார்ச்சில் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது அகற்றப்பட்டது. தடுப்பை அமைத்த மேயர் ஐவன் அலன், பின்னர் அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக வாஷிங்டனில் சாட்சியமளித்தார் என்பதையும் நியாயம் கருதிக் குறிப்பிடவேண்டும். எனினும் தெருக்களின் பெயர்ப்பலகைகள் இன்னும் பழைய கதையையே சொல்கின்றன. பொன்ஸ் டி லியோன் வீதியைக் கடந்ததும் மன்றோ என்ற வீதி பூல்வார்ட் ஆகிவிடுகிறது. பிரயர்கிளிவ், மோர்லண்ட் ஆகிவிடுகிறது. கறுப்பர் வாழும் அதே வீதியின் பெயர் தமது முகவரியில் இருப்பதை வெள்ளையர் விரும்பவில்லை. அந்த வீதிகளில் நீளமாக ஓடுபவன் எந்தத் திருப்பத்திலும் திரும்பாமலே வேறொரு தெருவுக்குள் நுழைந்துவிடுகிறான்.

பயிற்சி இடங்களின் கதையும் இதுதான். பழைய ரயில் பாதைகளை இணைத்து நகரைச் சுற்றி 22 மைல் வளையமாக அமைக்கப்பட்டுவரும் பெல்ட்லைன், ரயன் கிராவல் என்ற மாணவர் 1999இல் எழுதிய பட்டமேற்படிப்பு ஆய்வில் பிறந்த கனவு. 2012இல் அதன் கிழக்குப் பாதையும் 2017இல் மேற்குப் பாதையும் திறக்கப்பட்டன. ஓடுவதற்கு அருமையான இடம். வாகனம் இல்லை, சமதரை. ஆனால் பாதை வந்த இடமெல்லாம் காணி விலையும் வாடகையும் ஏறின. ஏழைகள் வாழக்கூடிய வீடுகளுக்குப் போதிய அக்கறை காட்டப்படவில்லை என்று கவலை தெரிவித்து, 2016இல் கிராவலே அத்திட்டத்தின் துணை அமைப்பின் சபையிலிருந்து விலகினார். நகருக்கு வெளியே ஸ்டோன் மவுன்டன் இருக்கிறது. அந்தக் கருங்கல் மலையின் அடிவாரத்தைச் சுற்றி ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் ஓடலாம். மலை முகத்திலோ, அடிமைமுறையைக் காப்பதற்குப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் மூன்று தலைவர்கள் குதிரைமீது அமர்ந்திருக்கிறார்கள். 1915இல் கூ குளக்ஸ் கிளான் மறுபிறவி எடுத்ததும் அம்மலையின் உச்சியில்தான்.

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள், இவையெல்லாம் பழங்கதை" என்று சிலர் சொல்லக்கூடும். 2020 பெப்ரவரி 23 பழங்கதையா? அன்று அதே ஜோர்ஜியா மாநிலத்தின் கரையோரத்தில், பிரன்ஸ்விக் நகருக்கு அருகே ஓடிக்கொண்டிருந்த 25 வயதான அஹ்மட் ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞனை மூன்று வெள்ளையர்கள் இரண்டு வாகனங்களில் துரத்தினர். அவர்களுள் ஒருவன் அவனைச் சுட்டுக்கொன்றான். கட்டி முடியாத வீடொன்றுக்குள் சற்று நேரம் நுழைந்து பார்த்திருந்தான், எதையும் எடுக்கவில்லை. கொலையாளிகள் கைதாவதற்கு 74 நாட்கள் சென்றன. அதுவும் காணொளி ஒன்று வெளியாகி உலகம் பார்த்த பிறகே. 2021 நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. குடிமகன் ஒருவன் இன்னொருவனைக் கைது செய்ய இடமளித்த 1863ஆம் ஆண்டுச் சட்டமே அவர்கள் தேடிய கேடயம். அச்சட்டம் 2021இல்தான் நீக்கப்பட்டது. நீதி கிடைத்தது, ஆனால் ஓடினவன் திரும்பி வரவில்லை.

அதன் பின்னர் கறுப்பின ஓட்டக்காரர் பலர் தமது வழக்கங்களை வெளிப்படையாகப் பேசினார்கள். இருட்டில் ஓடுவதில்லை. தலையை மூடும் சட்டை அணிவதில்லை. எதிரே வருபவருக்கு முந்திக்கொண்டு புன்னகை செய்வது. பல்கலைக்கழகத்தின் பெயரோ ஓட்டத்தின் பெயரோ பொறித்த சட்டையை அணிவது. பீச்ட்ரீ ரீசேர்ட்டும் அப்படியொரு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. வெள்ளையனுக்கு அது நினைவுப் பரிசு. மற்றவனுக்கு "நான் ஓட்டக்காரன், திருடன் அல்லன்" என்னும் அடையாள அட்டை.

இந்த அட்டை எமக்குப் புதியதா? யுத்த காலத்துக் கொழும்பில் வாழ்ந்த தமிழ் இளைஞர் எவரையும் கேட்டுப் பாருங்கள். சோதனைச்சாவடியைக் கண்டால் நடையின் வேகத்தைக் குறைப்போம். பஸ் புறப்பட்டுப் போனாலும் பின்னால் ஓடமாட்டோம். ஓடுகிறவன் எதையோ செய்துவிட்டு ஓடுகிறான் என்பதே துப்பாக்கி ஏந்தியவனின் முதல் ஊகம். என் தலைமுறையின் பலர் இருபது வயதில் ஓட மறந்தது சோம்பலினால் அல்ல. அதனால்தான் தொலைதூர நகரமொன்றின் ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பெண்களின் நிலையையும் சொல்லாமல் விடமுடியாது. 2024 பெப்ரவரி 22ஆம் திகதி, அதே மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் காலையில் ஓடச் சென்ற 22 வயதுத் தாதியியல் மாணவி ஒருவர் கொல்லப்பட்டார். குற்றவாளி சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்தவன் என்பதால் அந்த மரணம் தேர்தல் மேடைகளுக்குப் போயிற்று. குடியேற்றச் சட்டமொன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. ஒரு பெண் தனியே ஓடித் திரும்புவதற்கு ஊர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போயிற்று.

வீதியோட்டப் பாதைகளைத் துல்லியமாக அளக்கும் முறையை அமெரிக்காவில் நிலைநிறுத்தியவர் ரெட் கோர்பிட். 1919இல் தென் கரோலைனாவில் பிறந்த கறுப்பினத்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் மரதனில் ஓடியவர். மாணவராயிருந்த காலத்தில், வெள்ளையர் உடன் ஓட மறுத்ததனால் சில போட்டிகளிலிருந்து ஒதுக்கப்பட்டவர். சைக்கிள் சில்லின் சுழற்சியை எண்ணிப் பாதையை அளக்கும் அந்த முறைப்படி, தூரம் குறைந்துவிடக்கூடாது என்பதற்காகக் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூடுதலாகவே சேர்க்கிறார்கள். ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தில் ஐந்து மீற்றரும் களவு போகக்கூடாது என்று அத்தனை கவனம்! அதே கவனத்தில் ஒரு பங்கையாவது சாதாரண நாட்களின் தெருக்களுக்குச் செலுத்தினால் என்ன? பெரிய ஓட்டத்தின் பாதையை ஓராண்டேனும் நகரின் தெற்குக்கும் மேற்குக்கும் கொண்டுசெல்லட்டும். அங்குள்ள நடைபாதைகளைச் செப்பனிட்டு விளக்குகளை ஏற்றட்டும். பெல்ட்லைன் ஓரத்தில் பழைய குடிகள் தொடர்ந்து வாழ வழிசெய்யட்டும். அந்நியன் ஒருவன் ஓடி வந்தால் பொலிஸை அழைக்குமுன் ஒருதரம் கையசைத்துப் பார்க்க மாநிலத்தின் குடியிருப்புகளெல்லாம் கற்றுக்கொள்ளட்டும்.

ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து ஓடுவது பெருமைதான். ஆனால் ஒரு ஊரின் சுதந்திரத்தை அளப்பதற்கு அத்தனை பேர் தேவையில்லை. இலக்கத் துண்டு அணியாத ஒருவன், முன்பின் தெரியாத தெருவொன்றில், அதிகாலை ஐந்து மணிக்குத் தனியே ஓடிவிட்டு வீட்டுக்குத் திரும்பி வரட்டும். அந்த அளவுகோலில் தேறும் ஊருக்கே சுதந்திர தின ஓட்டம் நடத்தும் தகுதி உண்டு.