யந்திரம் கேட்டது, வல்லரசுகள் கேட்டனவா?

யுத்தத்துக்குப் பயன்படும் யந்திரங்களை உலகம் போதிய அளவு கண்டுவிட்டது. சமாதானத்துக்கும் யந்திரத்தைத் துணைகொள்ளலாம் என்ற யோசனை இப்பொழுது ராஜதந்திரிகளிடையே வலுத்து வருகிறது. செயற்கை அறிவு என்று வழங்கும் புதிய சாதனத்தால், சண்டை நடக்கும் தேசங்களில் ஜனங்களின் உள்ளக் கருத்தை அறிந்து, அதன்மீது உடன்படிக்கை அமைக்கலாம் என்கிறார்கள். யோசனை நல்லதே. ஆயினும் அதன் பலனையும் வரம்பையும் அறிய விரும்புவோர் லிபியாவின் அனுபவத்தை நோக்குதல் வேண்டும்.

2020-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏமன் தேசத்தில் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தார் இம்முறையைக் கையாண்டு, 500-க்கு மேற்பட்டவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டனர். அவ்வாண்டிலேயே லிபியாவில் அந்த ஸ்தாபனத்தின் சார்பில் மத்தியஸ்தம் செய்த ஸ்ரீமதி ஸ்டெபனி வில்லியம்ஸ், சுமார் ஆயிரம் பேரை ஒரே வேளையில் இத்தகைய விவாதத்துக்கு அழைத்தார். அவர்கள் தங்கள் பெயரை வெளியிடாமல், கைத்தொலைபேசி வழியே, தங்கள் பேச்சு வழக்கிலேயே விடை தந்தனர். பிறர் விடைகளில் தமக்குச் சம்மதமானவற்றையும் தெரிவித்தனர். எக்கருத்துக்குப் பரவலான ஆதரவு உண்டு என்பதை யந்திரம் உடனுக்குடன் வகுத்துக் காட்டியது. துப்பாக்கி ஏந்தியவனே பேச்சு மேஜையில் இடம் பெறும் காலத்தில், ஆயுதமில்லாத பிரஜைக்கும் குரல் கிடைத்தது சிறிய காரியமன்று.

ஆனால் அதே தேசத்தில், அதே ஆண்டில், யந்திரம் வேறொரு வேலையும் செய்தது. பாதுகாப்புச் சபைக்காக விசாரணை நடத்திய நிபுணர் குழு 2021 மார்ச்சில் வெளியான தன் அறிக்கையில், பின்வாங்கிச் சென்ற கலீபா ஹப்தாரின் சேனையை, தாமே இலக்கைத் தாக்கவல்ல துருக்கி நாட்டு ஆளில்லா விமானங்களும் துரத்தியதாகக் குறித்தது. ஒரு யந்திரம் லிபியனின் கருத்தைக் கேட்டது. மற்றொரு யந்திரம் லிபியனை வேட்டையாடியது. இவ்விரண்டில் எதற்கு வல்லமை அதிகம் என்று சொல்லவும் வேண்டுமோ?

2020 அக்டோபர் 23-ல் ஜினீவாவில் யுத்த நிறுத்தம் கையெழுத்தாயிற்று. அந்நியப் போர்வீரர் மூன்று மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்றது அவ்வொப்பந்தம். தவணை கடந்தது, அவர்கள் வெளியேறவில்லை. 2021 டிசம்பர் 24-ல் தேர்தல் என்று நாள் குறிக்கப்பட்டது. அந்நாளும் வந்தது, தேர்தல் வரவில்லை.

ஜனங்களின் விருப்பம் தெரியாமையால் நேர்ந்த குறையா இது? அன்று. லிபியாவுக்கு ஆயுதம் அனுப்பலாகாது என்ற தடை 2011 முதல் அமலில் இருக்கிறது. 2020 ஜனவரியில் பெர்லின் மகாநாட்டில் கூடிய அரசுகள் அத்தடையை மதிப்பதாக வாக்களித்தன. அதன் பின்னும் ஆயுதங்கள் சென்றுகொண்டே இருந்தன. தடை முற்றிலும் பயனற்றுப் போயிற்று என்று மேற்படி நிபுணர் குழுவே கூறிவிட்டது. கேட்கும் காது ஆயிரம் இருந்தும் என்ன? ஆயுதம் விற்கும் கையைக் கட்டுவார் இல்லை.

ஆகவே, யந்திர உதவியை வரவேற்கும் நாம் சில நிபந்தனைகளை வற்புறுத்துகிறோம். இவ்விதம் திரட்டப்படும் கருத்துக்கள் எந்தச் சேனையிடமும், எந்த வேவுத் துறையிடமும் சென்று சேரலாகாது. சேருமாயின், இன்று உண்மை பேசியவன் நாளை பழிவாங்கப்படுவான். முடிவுகள் அத்தேச பாஷையில் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். கைத்தொலைபேசி இல்லாதவரிடம் மனிதரே நேரில் சென்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சு மேஜையில் அமர்ந்தவர்களும் அவர்களுக்குப் பின்னின்று ஆயுதம் வழங்குபவர்களும், ஜனங்களின் கருத்தை ஏற்கிறார்களா இல்லையா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கடமைப்பட வேண்டும்.

இது பாரதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அன்று. 2021, 2022 ஆண்டுகளில் லிபியத் தடைக் குழுவின் தலைமையை வகித்தது நம் தேசமே. தடை எவ்வாறு மீறப்படுகிறது என்பதை நெருங்கிக் கண்ட தேசம், சர்வதேச சபைகளில் மௌனம் சாதிப்பது தகாது. அந்நியர் மேஜையில் தன் தலைவிதி எழுதப்படும் துன்பம் நமக்கும் தெரிந்ததே. ஜனங்களைக் கேட்பதாகச் சொல்லிக் கேளாமலே முடிவு செய்யும் புதிய ஏமாற்று வித்தையாகச் செயற்கை அறிவு மாறாதபடி காப்பது, சுதந்திரத்தின் அருமை அறிந்த ஒவ்வொரு தேசத்தின் கடமையாகும்.