நீருக்கு விலை கொடுக்கும் தராசு

மாரி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், மன்னார்த் தீவில் ஒரு மீன்வாடிக்குச் சென்றிருந்தேன். கட்டா மீனைப் பிளந்து, உப்பிட்டு, பாயில் பரப்பியிருந்தார்கள். ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன். மேற்புறம் இறுகியிருந்தது; உள்ளே விரல் பதிந்தது. “இன்னும் ஒரு நாள் காய விடலாமே அம்மா” என்றேன். அந்தத் தாய் சிரித்துவிட்டுச் சொன்னார்: “காய்ஞ்சால் நிறை குறையும் சுவாமி. நிறை குறைஞ்சால் காசு குறையும். அந்தக் காசை ஆர் தாறது?”

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. மீன் பதனிடல் பற்றி நாம் எத்தனையோ வகுப்புகள் நடத்தியிருக்கின்றோம். “நன்றாக உலர்த்துங்கள், சுத்தமாக வைத்திருங்கள்” என்று சொல்லியிருக்கின்றோம். நன்றாக உலர்த்துபவருக்கு நட்டம் ஏற்படுகின்றது என்பதை மட்டும் நாம் கணக்கில் எடுக்கவில்லை.

உணவைப் பழுதாக்குவது நீர் என்பதை எமது முன்னோர் அறிந்திருந்தனர். ஒடியலும் மோர்மிளகாயும் கருவாடும் அந்த அறிவின் பயன்களே. ஆயினும் உணவில் எவ்வளவு நீர் இருக்கின்றது என்பது மட்டும் முக்கியமன்று. அந்த நீரில் எவ்வளவு நுண்ணங்கிகளுக்குக் கிடைக்கின்றது என்பதே முக்கியம். 1950களில் அவுஸ்திரேலிய விஞ்ஞானி டபிள்யூ. ஜே. ஸ்கொட் இதனைத் தெளிவுபடுத்தினார். இவ்வாறு கிடைக்கக்கூடிய நீரின் அளவை ‘நீரின் தொழிற்பாடு’ எனலாம். தூய நீருக்கு அது 1. பச்சை மீனுக்கு ஏறக்குறைய 0.99. உணவைப் பழுதாக்கும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை 0.91 இற்குக் கீழே பெருகமாட்டா. எமது கைகளிலும் மூக்கிலும் புண்களிலும் இருந்து உணவுக்குச் செல்லும் ஸ்ரபிலோகொக்கஸ் ஏறத்தாழ 0.86 வரை தாக்குப்பிடிக்கும். 0.60 இற்குக் கீழே எந்த நுண்ணங்கியும் பெருகாது.

உப்பின் வேலை இங்கேதான் வருகின்றது. உப்பு நீரை வெளியேற்றுகின்றது. எஞ்சிய நீரையும் நுண்ணங்கிகளுக்கு எட்டாதபடி பிடித்து வைக்கின்றது. 100 கிராம் நீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்பு கரையும். அதற்கு மேல் கரையாத நிலையில் அந்த உப்புநீரின் தொழிற்பாடு 0.75 ஆகும். ஆகவே உப்பும் வெயிலும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டவேண்டும். இரண்டையும் குறைத்தால் புழுவும் பூஞ்சணமும் நாற்றமும்தான் மிச்சம்.

அந்தத் தாயின் பாயில் இரண்டுமே குறைந்திருந்தன. உப்பு ஏன் குறைந்தது என்று கேட்கவேண்டியதில்லை. மழையினால் உப்பு விளைச்சல் குன்றி, 2024 இன் இறுதியிலும் 2025 இலும் கடல் சூழ்ந்த இந்த நாட்டுக்கே உப்பை இறக்குமதி செய்யவேண்டி வந்தது. விலை ஏறும்போது ஏழைத் தொழிலாளி கைப்பிடியைச் சுருக்குகின்றார். பழைய உப்புநீரையே மீண்டும் மீண்டும் பாவிக்கின்றார்.

வெயில் ஏன் குறைந்தது? இதற்குத் தராசுதான் காரணம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவரிடம் 100 கிலோ கருவாடு உள்ளது. அதில் பாதி, அதாவது 50 கிலோ, நீர். அதனை 40 வீத ஈரப்பதனுக்கு உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறைய 83 கிலோ. 17 கிலோ நீர் காற்றோடு போய்விட்டது. கிலோவுக்கு ஒரே விலை என்றால் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கும் அதனோடு போய்விட்டது. கூடவே ஒரு நாள் உழைப்பும் போயிற்று. முற்பணம் கொடுத்த முதலாளியின் வாகனம் வாசலில் நிற்கும்போது யார்தான் இன்னொரு நாள் காத்திருப்பார்?

இதனை மீனவரின் பேராசை என்று சொல்வது அநியாயம். நாம் நீருக்கு விலை கொடுக்கின்றோம். அவர் நீரை விற்கின்றார். இறுதியில் நட்டப்படுபவர் மலைநாட்டுத் தோட்டத்திலோ வன்னியிலோ 100 கிராம் கருவாடு வாங்கும் ஏழைத் தாய்தான். மீனின் விலைக்கு நீரை வாங்குவதோடு, நோய்க்கு இடங்கொடுக்கும் உணவையும் அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றார்.

நெல்லைப் பாருங்கள். நெற் சந்தைப்படுத்தும் சபை முழு விலைக்கு வாங்கும் நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக்கூடாது. ஈரநெல்லுக்கு விலை குறைவு. விவசாயி அதனைக் குறைகூறினாலும், உலர்த்திய உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்பது அங்கே ஏற்கப்பட்டுள்ளது. கருவாட்டுக்கு மட்டும் அது ஏன் இல்லை?

எனவே எமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் முன் மூன்று யோசனைகளை வைக்கின்றேன்.

முதலாவது, கருவாட்டை இரண்டு தரமாகப் பிரித்து வாங்குங்கள். மேற்சொன்ன கணக்கின்படி, ஈரக்கருவாட்டுக்குக் கிலோவுக்கு 100 ரூபா என்றால் உலர்ந்ததற்கு 120 ரூபா கொடுத்தால்தான் உற்பத்தியாளருக்கு நட்டமில்லை. அதற்கு மேல் கொடுப்பதே ஊக்கம். சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. 100 கிராம் துண்டை மெல்லிதாகக் கிழித்து, கருகாமல் மெல்லிய சூட்டில் நிறை மாறாத வரை உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். 60 கிராம் எஞ்சினால் ஈரப்பதன் ஏறக்குறைய 40 வீதம்.

இரண்டாவது, சங்கமே உப்பை மொத்தமாக வாங்கி மாரிக்கு முன் சேமித்து, கடனாகக் கொடுக்கட்டும். காய வைக்கும் அந்த மேலதிக நாளுக்கு ஒரு சிறு முற்பணமும் கொடுக்கட்டும்.

மூன்றாவது, மணலை விட்டு உயர்ந்த பரண்களில் உலர்த்துவோம். கடும் வெயிலில் மேற்றோல் இறுகினால் உள்நீர் சிறைப்பட்டுவிடும். மாலையில் அடுக்கிப் பாரம் வைத்து, உள்நீர் மேலே வந்ததும் மறுநாள் மீண்டும் உலர்த்தவேண்டும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும் மாரி நாட்களில் உப்பே நீரை உறிஞ்சும். ஆகவே காற்றுப் புகாதபடி பொதிசெய்யவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஐஸ் இன்றி வெயிலில் கிடந்த சூரை மீனில் ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால், பின்னர் எவ்வளவு உப்பிட்டு உலர்த்தினாலும், சமைத்தாலும் அது அகலாது. பழுதான மீனைக் கருவாடாக்கி மீட்க முடியாது.

இவற்றில் எதுவும் இலகுவானதன்று. 120 ரூபாவுக்கு வாங்கிய சங்கம் சந்தையில் 100 ரூபாக்காரரோடு போட்டியிடவேண்டும். ஆரம்பத்தில் நட்டமும் வரலாம். அந்த நட்டத்தை யார் தாங்குவது என்பதே கேள்வி. இதுவரை அதனை வாடியில் நிற்கும் பெண் தனியாகத் தாங்கவேண்டும் என்று நாம் எதிர்பார்த்தோம். வகுப்பு நடத்தும் செலவில் ஒரு பகுதியையாவது அந்த விலை வித்தியாசத்துக்கு ஒதுக்க எமது நிறுவனங்கள் முன்வரவேண்டும்.

“அந்தக் காசை ஆர் தாறது?” என்று கேட்ட தாய்க்கு, “நாங்கள் தாறோம்” என்று சொல்லக்கூடிய நாளில்தான், நன்றாக உலர்த்துங்கள் என்று அவருக்குப் போதிக்கும் உரிமை எமக்கு உண்டு.