வீட்டுல கோதுமை பகெட் சுட்டா காசு மிச்சமா? "எதுக்குப் பதிலா?"ன்னு முதல்ல கேளுங்க

இன்னைக்கு தலைப்பு பகெட். பக்கெட் இல்லீங்க, பகெட். வெளிய மொறுமொறுன்னும் உள்ள பஞ்சு மாதிரியும் இருக்கிற, பிரான்ஸ்ல தினமும் சாப்பிடுற நீளமான ரொட்டி. பாண்டிச்சேரி பக்கம் போனவங்க பேக்கரில பார்த்திருப்பீங்க.

"கடைல ஒரு கோதுமை பகெட் 120 ரூபாய். வீட்டுல சுட்டா 15 ரூபாய் கூட ஆகாது. உடம்புக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது." இந்த மாதிரி ஒரு கணக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. அந்தக் கணக்கு தப்பில்லை, ஆனா பாதிக் கணக்குதான். மீதிப் பாதியைப் போடாமலே நிறைய பேர் ஓவனுக்கு ஆர்டர் போட்டுடுறாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பகெட் தாராளமா சுடுங்க, ரொம்ப நல்ல பழக்கம். ஆனா அதை "சேமிப்பு"ன்னு எழுதாதீங்க, "பொழுதுபோக்கு"ன்னு எழுதுங்க. பேரை மாத்துனா என்ன ஆகப்போகுதுன்னு கேட்கலாம். சேமிப்புன்னு பேர் வெச்சுட்டா எவ்வளவு செலவு பண்ணாலும் மனசு கேள்வி கேட்காது. இங்கதான் பிரச்சனையே.

முதல்ல அந்தப் பாதிக் கணக்கு

250 கிராம் ஆட்டா, 250 கிராம் மைதா, சுமார் 360 மில்லி தண்ணி, 10 கிராம் உப்பு, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். எண்ணெயும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

ரெண்டு மாவும் கிலோ 50 ரூபாய்னு வெச்சா 25 ரூபாய். ஈஸ்ட்டும் உப்பும் சேர்த்து 5 ரூபாய். ஓடிஜியை 230 டிகிரிக்கு சூடாக்கி, சுட்டு முடிக்க மொத்தம் முக்கால் மணி நேரம். 1600 வாட் ஓவன்னா அதிகபட்சம் 1.2 யூனிட். யூனிட் 8 ரூபாய்னா 10 ரூபாய். ஆக மொத்தம் 40 ரூபாய். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

உண்மையான பகெட் 60 சென்டிமீட்டர் பக்கம் நீளம் இருக்கும், வீட்டு ஓடிஜிக்குள்ள அது போகாது. அதனால நாலு குட்டி பகெட்டா போடணும். எடையைப் பார்த்தா கடைல விக்கிற மூணு பகெட்டுக்கு சமம். அப்போ ஒண்ணுக்கு 13 ரூபாய் சொச்சம். "15 ரூபாய் கூட ஆகாது"ங்கிறது உண்மைதான்.

மீதிப் பாதி: எதுக்குப் பதிலா?

ஒரு பொருளை வீட்டுல செஞ்சா மிச்சம் ஆகணும்னா, அந்தப் பொருளை நீங்க ஏற்கனவே காசு கொடுத்து வாங்கிட்டு இருக்கணும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா ஆர்டர் போடும்போது யாருக்கும் ஞாபகம் வராது.

உங்க யூபிஐ ஹிஸ்டரியைத் திறங்க. கடைசி மூணு மாசத்துல எத்தனை பகெட் வாங்குனீங்க?

மாசம் ரெண்டு வாங்குறவர்னு வைங்க. கடைச் செலவு 240 ரூபாய், வீட்டுல செஞ்சா 27 ரூபாய், மிச்சம் 213. ஓடிஜி 8,000 ரூபாய்னா போட்ட காசு திரும்ப 38 மாசம் ஆகும், அதாவது மூணு வருஷத்துக்கும் மேல. "கையால பிசைய முடியாது"ன்னு 15,000 ரூபாய்க்கு ஸ்டாண்ட் மிக்ஸரும் வாங்குனா மொத்தம் 23,000. திரும்ப எடுக்க 108 மாசம், ஒன்பது வருஷம்! அதுக்குள்ள ரெண்டு கம்பெனி மாறியிருப்பீங்க, நாலு வீடு மாறியிருப்பீங்க.

சரி, மூணு மாசத்துல ஒண்ணு கூட வாங்கலையா? அப்போ உங்க மிச்சம் பூஜ்யம். நீங்க சுடுற பகெட் 120 ரூபாய் பகெட்டுக்குப் பதிலா வரலை, காலைல சாப்பிடுற இட்லிக்கும் ராத்திரி சப்பாத்திக்கும் பதிலா வருது. அதுங்க பகெட்டை விட மலிவு. அதாவது இது புதுச் செலவு.

இதுல நோ காஸ்ட் இஎம்ஐ வேற இருக்கு. பேருல "நோ காஸ்ட்" இருந்தாலும் பேங்க் வட்டி போடும், அதே அளவு தொகையை டிஸ்கவுண்ட்டா கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலைலதான். நிறைய கார்டுல பிராசஸிங் ஃபீஸும் உண்டு. ஸ்டேட்மென்ட்ல ஒரு தடவை பாருங்க.

பிரெஞ்சுக்காரங்க என்ன பண்றாங்க?

பகெட்டோட சொந்த ஊர்லயே பெரும்பாலான ஜனங்க அதை வீட்டுல சுடுறதில்லை, கடைல வாங்குறாங்க. பிரான்ஸ்ல ஒரு சாதாரண பகெட் ஏறக்குறைய ஒரு யூரோதான். தெருமுனைல கடை இருக்கு, ஓவன் நாள் முழுக்க சூடா இருக்கு, ஒரே நேரத்துல நிறைய வேகுது. ஒரு வீடு நாலு ரொட்டிக்காக ஓவனைச் சூடாக்கி அந்தச் சிக்கனத்தோட போட்டி போட முடியாது.

அவங்க விளையாட்டாவும் இருக்கிறதில்லை. 1993-ல வந்த அரசாணைப்படி "பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி"ன்னு பேர் போட்டு வித்தா அதுல பிரிசர்வேட்டிவ் மாதிரி எதுவும் சேர்க்கக் கூடாது, மாவை ஃப்ரீஸ் பண்ணவும் கூடாது. 1998 சட்டப்படி, மாவு பிசையுறதுல இருந்து சுடுறது வரைக்கும் அதே இடத்துல செய்ற கடைதான் "பூலான்ஜரி"ன்னு போர்டு வைக்கலாம். 2022-ல பகெட் செய்ற கலையை யுனெஸ்கோ தன்னோட பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு.

இன்னொரு விஷயம், பகெட்ல கொழுப்பு கிடையாது, உருவமும் ஒல்லி. அதனால சீக்கிரம் காய்ஞ்சு போகும். காலைல வாங்குனது ராத்திரி கட்டை மாதிரி ஆயிடும். அதனாலதான் அங்க தினமும் வாங்குறாங்க. பிஜில தனியா இருக்கிற நீங்க நாலு சுட்டு ரெண்டைக் குப்பைல போட்டா, 13 ரூபாய் பகெட் 26 ரூபாய் ஆயிடும். மிஞ்சுனதை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, அந்தக் குளிர்ல ரொட்டி இன்னும் வேகமா விறைக்கும். ஆறுனதும் நல்லா சுத்தி ஃப்ரீசர்ல வைங்க. வேணும்போது லேசா தண்ணி தெளிச்சு சூடு பண்ணுங்க.

"கோதுமை, அதனால ஆரோக்கியம்" சரியா?

ஓரளவு சரி. ஆட்டால தவிடு இருக்கு, நார்ச்சத்து இருக்கு. ஆனா அதே தவிடுதான் மாவுக்குள்ள உருவாகுற குளூட்டன் வலையை அறுக்கும். அதனால நூறு சதவீதம் ஆட்டால போட்டா பகெட் உப்பாம கனமா வரும். நான் பாதிக்குப் பாதி சொன்னது அதனாலதான். தண்ணியும் ஆட்டாவுக்குக் கொஞ்சம் கூடுதலா வேணும். கலந்து அரை மணி நேரம் சும்மா விட்டாலே மாவு பாதி தானா பதமாகிடும். ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சு மெதுவா புளிக்க விட்டா ருசி கூடும். இந்த ரெண்டும் பண்ணா ஸ்டாண்ட் மிக்ஸர் தேவையே இல்லை. பொறுமைக்கு இஎம்ஐ கிடையாது.

கடைல வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கெட் ரொட்டி பிரவுன் கலர்ல இருந்தா முழு கோதுமைன்னு அர்த்தம் இல்லை. நம்ம நாட்டு விதிப்படி லேபிள்ல எது அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும். முதல் பேரு மைதான்னா, நீங்க கூடுதலா கொடுக்கிற 20 ரூபாய் கலருக்குத்தான்.

அப்போ என்ன பண்ணலாம்?

ஒண்ணு, மூணு ஞாயிறு விதி. ஓவன் வாங்குறதுக்கு முன்னாடி மூணு ஞாயிறு சுட்டுப் பாருங்க. ரூம்மேட்கிட்ட ஏர் ஃப்ரையரோ கன்வெக்ஷன் மைக்ரோவேவோ இருந்தா அதுல. மேல்தோல் பேக்கரி மாதிரி வராது, பரவாயில்லை. மாவு கைக்குப் பழகுதா, மூணாவது வாரமும் ஆசை இருக்கான்னு பார்க்கத்தான் இது. ஆசை இருந்தா வாங்குங்க.

ரெண்டு, முழுக் காசு கொடுத்து வாங்குங்க. மாசம் 1,000 ரூபாய் தனியா எடுத்து வெச்சா எட்டு மாசத்துல ஓடிஜி வந்துடும். அதுக்காக எஸ்ஐபியைத் தொடாதீங்க.

மூணு, உங்க நேரத்துக்கு விலை போடாதீங்க. "என் ஒரு மணி நேர சம்பளம் 300 ரூபாய், அதனால பகெட் சுடுறது நஷ்டம்"னு சிலர் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு உங்களுக்கு யாரும் சம்பளம் தரப்போறதில்லை. அந்த நேரம் ரீல்ஸ்ல போறதுக்கு மாவுல போகட்டும்.

பொழுதுபோக்குக்கு செலவு பண்றது தப்பே இல்லை. சினிமாவுக்குப் போறோம், டர்ஃப்ல கிரிக்கெட் ஆடுறோம், அதை யாரும் முதலீடுன்னு சொல்றதில்லை. பகெட்டும் அப்படித்தான். பட்ஜெட்ல அந்த வரிசைலயே எழுதிட்டா எவ்வளவு போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும், அளவும் தானா வந்துடும்.

ஏர் ஃப்ரையர், காபி மெஷின், ஜிம் சைக்கிள்னு அடுத்து எது கார்ட்டுல ஏறுனாலும் இதே கேள்விதான்: எதுக்குப் பதிலா? பதில் உங்க யூபிஐ ஹிஸ்டரில இல்லைன்னா அது சேமிப்பு இல்லை, ஆசை. ஆசைக்கு வாங்கலாம், ஆனா ஆசைன்னு தெரிஞ்சே வாங்குங்க.