தீ எப்போது பிடிக்கும்?

மின்சாரக் கார் வாங்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், “அது தீப்பிடிக்குமாமே?” என்று பக்கத்திலிருப்பவர் கேட்காமல் இருப்பதில்லை. பெட்ரோல் காரும் தீப்பிடிக்கும். இரண்டும் எரியும் விதம் வேறு. எரியத் தொடங்கும் நேரமும் வேறு. இந்த நேரக் கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பெட்ரோல் காரில் மோதலின்போது டேங்க்கோ குழாயோ உடைந்தால் எரிபொருள் ஒழுகி ஆவியாகும். சூடான எஞ்சின் பாகம் ஒன்று போதும், பற்றிக்கொள்ளும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். எரியவில்லை என்றால் டேங்க்கைக் காலி செய்துவிடலாம்.

மின்சாரக் காரின் லித்தியம் அயான் பேட்டரியை அப்படிச் சட்டென்று காலி செய்ய முடியாது. காரைப் பொறுத்து நூறு முதல் சில ஆயிரம் வரை செல்கள் அதில் இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அடிபட்டோ தயாரிப்புக் குறையாலோ அது சேதமானால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். அதில் எழும் வெப்பம் வேதிவினையைத் தூண்டும். அந்த வினை மேலும் வெப்பம் தரும். பக்கத்துச் செல்லும் சூடேறும். வெப்பம் இப்படிக் கட்டுமீறிப் பெருகுவதைத் ‘தெர்மல் ரன்அவே’ என்பார்கள். தீயணைப்பு வீரர்கள் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது இதனால்தான். ஆனால் பேட்டரி காரின் அடியில் மூடிய உலோகப் பெட்டிக்குள் இருப்பதால் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது.

தெர்மல் ரன்அவே உடனே தொடங்க வேண்டும் என்றும் இல்லை. 2011 மே மாதம் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு செவ்ரோலே வோல்ட் காரைப் பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிட்டுச் சோதித்தது. வோல்ட், சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்த கார். மோதலில் பேட்டரி சேதமடைந்தது, அதைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்தது. கார் எரியவில்லை. சோதனை முடிந்ததென்று அதை நிறுத்திவைத்தார்கள். பேட்டரியின் சார்ஜை இறக்கவில்லை. 3 வாரம் கழித்து நின்ற இடத்திலேயே அது தீப்பிடித்து, பக்கத்து வண்டிகளையும் எரித்தது. பிறகு காரைத் தயாரித்த நிறுவனம் பேட்டரியைச் சுற்றியுள்ள சட்டகத்தை வலுப்படுத்தியது.

வெள்ளத்திலும் இதே தாமதம் உண்டு. 2022இல் இயன் புயல் ஃபுளோரிடாவில் கடல்நீரை ஊருக்குள் தள்ளியது. மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, நீர் வடிந்த பிறகு எரிந்தன. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; காய்ந்த பின்னும் உப்புப் படிவு உள்ளே தங்கும். மழைவெள்ளத்தில் அந்த அளவு உப்பு இருக்காது. ஆனாலும் மூழ்கிய காரைச் சார்ஜ் போட்டுப் பார்ப்பது வேண்டாம். வீட்டிலிருந்து 50 அடியாவது தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தச் சொல்கிறது அதே அமெரிக்க அமைப்பு.

ஷாக் அடிக்குமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பல கார்களில் மின்னழுத்தம் சுமார் 400 வோல்ட் என்பது உண்மைதான். ஆனால் அந்த மின்சுற்று காரின் உடலோடு இணைக்கப்படாதது. ஏர்பேக் விரிந்தால் தானே துண்டிக்கப்படும்படி அமைக்கிறார்கள். அந்த மின்சுற்றின் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடாமலிருக்க வேண்டும்.

ஹைபிரிட் காரில் பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றத் தேவையில்லாத வகை ஹைபிரிட்டில் பேட்டரி மிகச் சிறியது. எனவே அதிலுள்ள ஆற்றலும் குறைவு.

மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிட அடிக்கடி எரிகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இன்று ஓடுபவற்றில் பெரும்பாலானவை புதியவை, ஆகவே பழசானபின் எப்படி என்பதை இப்போதே தீர்த்துச் சொல்வதும் சரியல்ல. என்னைக் கேட்டால், வாங்குபவரைவிட அடிபட்ட வண்டியை இழுத்துவந்து வைத்திருக்கும் பட்டறைக்காரருக்குத்தான் இந்தத் தாமதத் தீயைப் பற்றிய பயிற்சி முதலில் தேவை.