பிசிறு தட்டினால் என்ன குறைந்துபோச்சு?

தேனி, கம்பம் பக்கம் மேடையில் பாடுகிற ஒருவனுக்குக் கிடைக்கிற அதிகபட்ச பாராட்டு எது தெரியுமா? "அப்படியே கேசட் மாதிரி பாடுறான்ப்பா!" அவ்வளவுதான். கேசட் போச்சு, சிடி போச்சு, எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டது. பாராட்டு மட்டும் மாறவில்லை. வீரபாண்டி சித்திரைத் திருவிழா சமயத்தில் எந்த ஆர்கெஸ்ட்ரா மேடை முன்னாலும் போய் நின்று பாருங்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் காதுக்குள் ஏற்கெனவே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு, மேடையில் கேட்பதை அதோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள். இடையிசையில் புல்லாங்குழல் ஓர் இடத்தில் தவறினால் போதும், சத்தம் போட ஒருத்தன் தயாராக இருப்பான்.

இந்த மார்க் போடுகிற பழக்கம்தான் இளையராஜா கச்சேரிகளைப் பற்றி நாம் போடுகிற சண்டைக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் கட்சி.

எந்தச் சண்டை என்கிறீர்களா? 2019 பிப்ரவரி 2, 3 தேதிகளில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் 'இளையராஜா 75' நடந்தது. நடத்தியது தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், சங்கத்துக்கு நிதி திரட்டுவதற்காக. ஏ.ஆர்.ரஹ்மான் மேடையேறி கீபோர்டு வாசிக்க, ராஜா 'மௌன ராகம்' (1986) படப் பாட்டைப் பாடியது அந்த விழாவில்தான். வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் கம்பத்திலிருந்து தேனி போகிற பஸ்ஸில் ராஜா பாட்டு ஓட ஆரம்பித்தால், பின் சீட்டில் இந்தச் சண்டையும் கூடவே ஓட ஆரம்பிக்கிறது.

மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி: "வயசாயிடுச்சு, குரல் உடையுது. பாதிப் பாட்டுல நிறுத்தி மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறாரு. காசு குடுத்தவன் ரிகர்சல் பாக்கவா வந்தான்?"

இரண்டாவது கட்சி: "அவரு பாடுறதைக் கேக்குறதே புண்ணியம்டா. குத்தம் சொல்றவனுக்குச் சங்கீதம் தெரியாது."

மூன்றாவது கட்சி கொஞ்சம் நல்ல பிள்ளை மாதிரி பேசும்: "நிதிக்காக நடத்துன கச்சேரிப்பா. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?"

முதலில் இந்த மூன்றாவது கட்சியைக் கவனிப்போம். கேட்க நல்ல பழமொழிதான். ஆனால் இங்கே தானம் கொடுத்தது யார்? நான் படிப்பது பி.காம். எங்களுக்கு முதலிலேயே சொல்லித்தருவது நன்கொடை வேறு, விற்பனை வேறு என்பது. கைமாறு எதிர்பார்க்காமல் கொடுத்தால் நன்கொடை. விலை போட்டு, சீட்டுக் கிழித்து, இந்த வரிசையில் உட்கார் என்று சொன்னால் அது விற்பனை. வந்த பணம் எந்த நல்ல காரியத்துக்குப் போனாலும் வாங்கினவன் வாங்கினவன்தான். அவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். பார்க்கணும். நல்ல காரியம் என்ற போர்வையைப் போட்டு மோசமான கச்சேரியை மூடக்கூடாது.

அப்படியானால் முதல் கட்சிக்காரன் சொல்வது சரியா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இது நம்ம ஊர்ச் சண்டை மட்டுமில்லை. ராக் இசை ரசிகர்கள் இதே சண்டையை 1985-லிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வருஷம் ஜூலை 13-ஆம் தேதி எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட லண்டனிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் 'லைவ் எய்ட்' கச்சேரிகள் நடந்தன. ஃபிலடெல்ஃபியாவில் 'லெட் செப்பலின்' குழுவினர் சேர்ந்து வாசித்தார்கள். அவர்களுடைய டிரம்மர் ஜான் பான்ஹம் 1980-இல் இறந்ததும் கலைந்துபோன குழு அது. ஐந்து வருஷம் கழித்துச் சேர்கிறார்கள், டிரம்ஸில் வேறு இரண்டு பேர், சரியான ஒத்திகை இல்லை. பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கிட்டார் மேதை ஜிம்மி பேஜின் கிட்டாரில் சுருதி சேரவில்லை. மூன்றே பாட்டு. மூன்றும் தடுமாறின. 2004-இல் லைவ் எய்ட் டிவிடி வந்தபோது அந்தப் பகுதியைச் சேர்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. அன்றைக்கு உலகமே டிவியில் பார்த்த ஒன்று அதிகாரபூர்வப் பதிவில் இல்லை!

ரசிகர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். "பஞ்சத்துக்காக வந்தாங்களே, அது போதாதா?" என்று ஒரு பக்கம். "சுருதி சேர்க்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா?" என்று இன்னொரு பக்கம். எனக்கு அந்த இரண்டாவது கேள்வி பிடித்திருக்கிறது. ஏனென்றால் அதற்கான பதில் நம்ம பண்ணைப்புரத்துக்காரரிடம் இருக்கிறது.

ராஜாவும் கிட்டார்க்காரர்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் படித்து, லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கினவர். இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் சினிமா ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்துச் சம்பாதித்தவர். ஜிம்மி பேஜும் குழு தொடங்குமுன் லண்டன் ஸ்டுடியோக்களில் அதே வேலைதான் பார்த்தார். இரண்டு பேரும் கூலிக்கு வாசித்தே மேலே வந்தவர்கள். ஆனால் மேடையில் தப்பு வந்தால் ராஜா செய்வது வேறு. கையைத் தூக்குவார். எல்லாரும் நிறுத்துவார்கள். எங்கே தப்பு என்று சொல்வார், சில நேரம் தப்பு தன்னுடையது என்பார். மறுபடி முதலிலிருந்து.

இதைத்தான் முதல் கட்சிக்காரன் "ரிகர்சல்" என்கிறான். அவன் ஒன்றை மறந்துவிடுகிறான். அவன் காதில் வைத்திருக்கிற அந்த 'கேசட்' எப்படி உருவானது?

எழுபது, எண்பதுகளில் பாட்டுப் பதிவு இன்றைக்கு மாதிரி கிடையாது. இப்போது பாடகர் ஒரு நாள் பாடலாம், வயலின் இன்னொரு ஊரில் வாசிக்கலாம், பிசிறு தட்டின ஒரு எழுத்தை மட்டும் கம்ப்யூட்டரில் சரி பண்ணலாம். அன்றைக்குப் பெரும்பாலும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசிக்க, மொத்தமாகப் பதிவு செய்தார்கள். கடைசிச் சரணத்தில் ஒரே ஒரு வயலின் தவறினாலும் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. 'அன்னக்கிளி' (1976) படத்தின் முதல் ஒலிப்பதிவு ஆரம்பிக்கும்போது கரண்ட் போனதை ராஜாவே பல தடவை சொல்லியிருக்கிறார். அபசகுனம் என்று முகத்தைச் சுளித்தார்களாம். கரண்ட் வந்ததும் என்ன செய்தார்கள்? மறுபடி முதலிலிருந்துதான்.

அப்போ கேசட்டில் நாம் கேட்டது என்ன? அன்றைக்கு வாசித்ததில் கடைசி டேக். அதற்கு முன்னால் தப்பிப்போன டேக்குகளை நமக்கு யாரும் காட்டவில்லை. மேடையில் ராஜா பாட்டை நிறுத்தும்போது அந்த ஸ்டுடியோ கதவைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறார், அவ்வளவுதான். "கேசட் மாதிரி இல்லையே" என்று கோபப்படுகிறவனுக்கு எதிரே கேசட் உண்டான விதமே அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. அவன்தான் கவனிக்கவில்லை!

தப்பே வராத கச்சேரி வேண்டுமா? அதற்கும் வழி இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்த ட்ராக்கைப் போட்டுவிட்டு மேலே பாடிவிட்டுப் போகலாம். பல மேடைகளில் அதுதான் நடக்கிறது. கிட்டாரில் சதானந்தம், புல்லாங்குழலில் அருண்மொழி என்று, நோட்டைப் பார்த்து முழுக் குழுவும் உட்கார்ந்து வாசித்தால் பிசிறு வரத்தான் செய்யும். மனுஷன் வாசிக்கிறான் என்பதற்கு அதுவே ரசீது.

இரண்டாவது கட்சிக்கும் ஒரு வார்த்தை. பாட்டை நிறுத்துவது வேறு, நிறுத்திவிட்டு அத்தனை பேர் முன்னாலும் ஒருவரைத் திட்டுவது வேறு. முதலாவது கேட்கிறவனுக்குச் செய்கிற மரியாதை. இரண்டாவதற்கு எந்த மேதைக்கும் உரிமை இல்லை. ராஜாவைத் தெய்வம் என்று சொல்லி இதையெல்லாம் பேசவே கூடாது என்றால், அது ரசனை இல்லை, பயம்.

இன்னொன்றும் சொல்லணும். இந்தப் பள்ளத்தாக்கில் மேடைப் பாட்டு கேசட்டுக்கு ரொம்ப முன்னாலேயே இருந்தது. ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினவர். தம்பிகளும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார்கள். 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாவலர் பாடின பிரச்சாரப் பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்று பேசப்பட்டது. யோசித்துப் பாருங்கள். பனி, குழாய் ஒலிபெருக்கி, நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து நிற்கிற கூட்டம். அங்கே "கேசட் மாதிரி இருக்கா?" என்று கேட்க ஒரு கேசட்டே கிடையாது. பாட்டு புரிந்ததா, மனசில் பட்டதா என்பதுதான் கணக்கு. ராஜா மேடையேறிப் பழகினது அந்தக் கணக்கில்.

சரி, கணக்கு என்றதும் நம்ம சப்ஜெக்டுக்கு வந்துவிட்டோம் :-)

நிதிக் கச்சேரியில் பாட்டைப் பற்றி இத்தனை சண்டை போடுகிற நாம், நிதியைப் பற்றி எத்தனை பேர் கேட்டோம்? 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்தின கச்சேரி இந்த வகைக்கெல்லாம் முன்னோடி. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர்கள் சுருதியைச் சரியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பிசிறு தட்டினது கணக்கில்தான்! டிக்கெட் வசூல் சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரிய தொகை வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. காரணம், வரிவிலக்குக்கான ஏற்பாட்டைக் கச்சேரிக்கு முன்பே முறைப்படி செய்யவில்லை. நல்ல மனசு இருந்தது, நல்ல பாட்டு இருந்தது, ஒரு நல்ல ஆடிட்டர் இல்லை. அகதி முகாமில் இருந்த குழந்தைக்கு எந்தப் பிசிறு பெரிது?

'இளையராஜா 75'-க்கு முன்னும் பின்னும் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2018 டிசம்பரில் சங்க அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டுத் தகராறு. நிகழ்ச்சிக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்கு, நீதிமன்றம் தடுக்கவில்லை. 2019 ஏப்ரலில் சங்க நிர்வாகத்தைப் பார்க்கத் தமிழக அரசு தனி அதிகாரியை நியமித்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. நான் சொல்வது ஒன்றுதான். நாம் பல்லவியில் குரல் நடுங்கியதா என்று பஸ்ஸில் அடித்துக்கொள்கிறோம். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒருத்தன் வாயைத் திறப்பதில்லை.

என் கட்சி இதுதான். பிசிறு தப்பில்லை, அதை மூடி மறைப்பதுதான் தப்பு. பாட்டுக்கும் அதே அளவுகோல், கணக்குக்கும் அதே அளவுகோல். பாட்டில் தப்பு வந்தால் எல்லார் முன்னாலும் நிறுத்தி, சொல்லி, மறுபடி பாடு. கணக்கில் சந்தேகம் வந்தால் எல்லார் முன்னாலும் ஏட்டை விரித்துக் காட்டு. முதலாவதை ராஜா செய்கிறார். இரண்டாவதைச் செய்யவேண்டியது நடத்துகிறவர்கள். கேட்கவேண்டியது நாம்.

கடைசியாக வயசு விஷயம். 2019 ஜூன் 2, ராஜாவின் பிறந்தநாள் கச்சேரியில் எஸ்.பி.பி. வந்து பாடினார். 2017-இல் காப்புரிமை நோட்டீஸால் வந்த பிரிவுக்கு அப்புறம் இருவரும் ஒரே மேடையில். அடுத்த வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி எஸ்.பி.பி. போய்விட்டார். அவர் பதிவு செய்த அத்தனை பாட்டும் பிசிறில்லாமல் நம்மிடம் இருக்கின்றன. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு கிழவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துப் பாடுவதை மட்டும் இனி யாரும் எங்கேயும் கேட்க முடியாது.

அடுத்த தடவை நம்ம பக்கத்தில் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ, யாருடைய ஆபரேஷனுக்கோ ஆர்கெஸ்ட்ரா போட்டு வசூல் பண்ணினால் தாராளமாகப் பல்லைப் பிடித்துப் பாருங்கள். ஆனால் சரியான மாட்டின் பல்லைப் பிடியுங்கள்.

நீங்கள் எந்தக் கட்சி?

பி.கு.: ராஜா நிறுத்தினால் "மறுபடி முதல்ல இருந்தா?" என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரே டிக்கெட்டில் பல்லவி இரண்டு தடவை. லாபம்தானே?