கார் வாங்கும்போது யாரும் காட்டாத அந்தச் சின்ன மூடி

போன ஜனவரியில் ஒரு ராத்திரி. மகனுக்குக் காய்ச்சல் 104 டிகிரி. போனில் பேசிய நர்ஸ், "உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எங்கள் நியூஜெர்சி வீட்டு டிரைவ்வேயில் ஒரு காருக்குப் பின்னால்தான் இன்னொன்றை நிறுத்த முடியும். பின்னால் நின்ற என் கார், குளிரில் பேட்டரி செத்துக் கிடந்தது. முன்னால் மனைவியின் கார் நன்றாகத்தான் இருந்தது; வெளியே எடுக்க வழியில்லை. ஊரில் என்றால் நியூட்ரலில் போட்டுத் தள்ளிவிடுவோம். இது ஆட்டோமேட்டிக். பிரேக்கை மிதித்து எவ்வளவு இழுத்தாலும் கியர் 'பி'யை விட்டு அசையவில்லை. உதவிக்கு வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டார். சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை எடுத்தார். கியர் பக்கத்தில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, உள்ளே அழுத்தியபடியே கியரை இழுத்தார். நியூட்ரல் விழுந்தது. பத்து வினாடி கூட ஆகவில்லை. பி.ஈ. படித்த நான் வாயைப் பிளந்து நின்றேன்.

அந்தப் பூட்டு வீணானது அல்ல. குழந்தைகள் விளையாட்டாகக் கியரை நகர்த்தி, வண்டி உருண்டு நடக்கும் விபத்துகளைத் தடுக்க உதவுகிறது. 2010 செப்டம்பர் முதல் தயாரான ஆட்டோமேட்டிக் கார்களில் அமெரிக்கச் சட்டமே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பிரேக்கை மிதித்தால் மின்சாரம் பூட்டைத் திறக்கும். பேட்டரி போனால் திறக்காது. அதற்காகத்தான் பல கார்களில் அந்த மாற்று வழி.

என் ஆதங்கம் இதுதான். கார் வாங்கிய அன்று போனை புளூடூத்தில் இணைக்க அரை மணி நேரம் செலவழித்தார்கள். இந்த மூடியை யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஆபீசில் 'சர்வர் விழுந்தால் என்ன செய்வது' என்று பக்கம் பக்கமாக எழுதி வைக்கிறோம். பிள்ளையை ஏற்றிப்போகும் வண்டிக்கு அப்படி ஒரு பக்கம் கூடப் படிப்பதில்லை.

இந்த வாரக் கடைசியில் மேனுவலை எடுத்து 'ஷிஃப்ட் லாக் ரிலீஸ்' எங்கே என்று பாருங்கள். சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒருமுறை செய்து பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் காட்டுங்கள். சரிவில் மட்டும் வேண்டாம். நியூட்ரலில் வண்டி உருண்டுவிடும், இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் கல் மாதிரி இறுகிவிடும். பட்டனிலோ திருகிலோ கியர் மாற்றும் புது வண்டிகள் பலவற்றில் இந்த மூடியே கிடையாது. மின்சார ஹேண்ட் பிரேக்கும் பேட்டரி இல்லாமல் விடாது. அவர்கள் ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டரை வீட்டுக்குள் சார்ஜ் போட்டு வைப்பது நல்லது.

மகன் இரண்டே நாளில் தேறிவிட்டான். அந்த ஸ்க்ரூடிரைவர் இப்போது என் கார் டேஷ்போர்டிலேயே இருக்கிறது.