பற்றரியைக் குடிக்கும் பெட்டி



சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதியை உங்களிடம் சொல்ல வேண்டும். கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, காருக்கு இது வாங்குவோமா, அது பூட்டுவோமா என்று கேட்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது உதவும்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய கார். வெள்ளி மாலை நிறுத்தினால் திங்கள் காலைதான் எடுப்போம். சில வாரங்களாகத் திங்கட்கிழமை தோறும் ஸ்டார்ட் எடுக்க மறுத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள். பற்றரி பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். இரண்டு வாரம் போனது. ஒரு ஞாயிறு இரவு சின்ன மகளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் சாவியைத் திருப்பினால், 'டிக்' என்ற ஒரு சத்தம் மட்டும்தான்! அயல்வீட்டாரின் முச்சக்கர வண்டிதான் அன்று எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

மறுநாள் கோபத்தோடு பற்றரிக் கடைக்குப் போனேன். நாலு பேர் முன்னால், பழைய பற்றரியைப் புதிது என்று விற்றுவிட்டதாகச் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னேன். கடைக்கார நானா பதில் பேசவில்லை. பற்றரியைச் சார்ஜில் போட்டு, பிறகு சோதித்துக் காட்டினார். ஒரு குறையும் இல்லை. "தம்பி, பைப் ஒழுகுற வீட்டில தொட்டிய மாத்தி என்ன பலன்? ஒழுகுற இடத்தப் பாருங்க" என்றார்.

ஒழுகிய இடத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் உம்மா. விடியற்காலைக் குளிரில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், "மகன், இந்த சீட்டுக்குக் கீழ ஏன் சுடுது?" என்றார். கையை விட்டுப் பார்த்தேன். மூத்தவன் ஆசைப்பட்டுக் கேட்டதற்காகப் பாட்டுச் செட்டுடன் பூட்டிய அம்ப்ளிஃபயர்! செட்டை நிறுத்தினால் அதுவும் நிற்க வேண்டும். உள்ளே ஏதோ பழுதாகி, சாவியைக் கழற்றிய பின்னும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கார், நிற்கும்போது மணிக்கூடு, அலாரம் போன்றவற்றுக்காகப் பொதுவாக 0.05 அம்பியருக்கு மேல் எடுக்காது. எங்கள் பெட்டி எடுத்தது 0.8 அம்பியர். ஒரு நாளைக்கு 19 அம்பியர் மணி. பற்றரியின் கொள்ளளவோ 45. இரண்டு நாள் போனால் என்ன மிஞ்சும்? இப்படி அடிக்கடி வற்றவிட்டால் உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகி, புதுப் பற்றரியும் சீக்கிரம் கெட்டுவிடும்.

உங்கள் காருக்கும் இந்த நோய் உண்டா என்று பார்ப்பது கடினமல்ல. ஒரு மல்டிமீற்றர் போதும். இரவு நிறுத்தி வைத்த பற்றரி காலையில் 12.6 வோல்ற் அளவில் இருந்தால் நலம். என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 காட்டினால் டைனமோவும் சரி. இரண்டும் சரியாக இருந்தும் பற்றரி இறங்கினால் கசிவைத் தேடுங்கள்.

சாவியைக் கழற்றி, கதவுகளை மூடி, பற்றரியின் நெகட்டிவ் வயரை மட்டும் கழற்றுங்கள். மீற்றரை 10 அம்பியரில் வைத்து, கழற்றிய வயருக்கும் பற்றரி முனைக்கும் இடையில் இணையுங்கள். அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அந்நேரம் சாவியைத் திருப்ப வேண்டாம், மீற்றரின் பியூஸ் போய்விடும். 0.05க்கு மேல் காட்டினால், பின்னால் பூட்டிய சாமான்களை முதலில் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அவற்றின் வயர் பெரும்பாலும் பற்றரியிலிருந்து நேரே வரும். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் மீற்றர் இறங்குகிறதோ, அங்கேதான் கள்ளன்!

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அதிலுள்ள சிறிய 12 வோல்ற் பற்றரி இறங்கினாலும் வாகனம் எழும்பாது. ஆனால் செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே வேண்டாம். அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம். பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இனி எது பூட்டினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். 'சாவியைக் கழற்றினால் இது நிற்குமா? இதற்குத் தனிப் பியூஸ் போட்டீர்களா?' நிறுத்தி வைத்திருக்கும்போதும் படம் பிடிக்கும் கமரா என்றால், பற்றரி இறங்கும்போது தானாக நின்றுவிடும் வசதி உள்ளதா என்றும் பாருங்கள்.

அம்ப்ளிஃபயரைக் கழற்றி எறிந்தோம். அதன் பின் ஒரு திங்கட்கிழமையும் கார் எங்களைக் கைவிடவில்லை. ஆனால் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் ஏசியவன், நாலு பேர் முன்னால்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? கடையில் ஆட்கள் நிற்கும் நேரம் பார்த்துப் போனேன். நானா சிரித்துக்கொண்டே, "மகளுக்கு இப்ப சுகமா, தம்பி?" என்று கேட்டார்.

காரில் பிழை வந்தால் முதலில் காரைச் சோதியுங்கள், வாசகர்களே. மனிதரைக் குறை சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.